ஊரடங்குப் பக்கத்தின் திகதி

கலவர நாட்களில், கண்டிக்குப் பக்கத்து மடவளையில் எங்கள் பிள்ளைக்குப் பால்மா தீர்ந்தது. "கண்டி ஊரடங்கு" என்று போனில் தேடினேன். முதலில் வந்த பக்கத்தில், அன்றைய திகதியோடு, காலையில் ஊரடங்கு தளரும் என்றிருந்தது. கணவரை அனுப்பினேன். தளரவில்லை. ஆளில்லாத தெருவில் ஒரு கும்பல் அவரை மறித்து அடித்தது. அல்லாஹ்தான் உயிரோடு திருப்பித் தந்தான்.

அது முந்தின நாள் செய்தி. பக்கத்தின் அடியில் எழுதியவன் பெயர் இருந்தது: என் தம்பி. கீழே டோர்ச் விற்கும் இணைப்புகள். யாரும் வாங்கினால் அவனுக்குக் கமிஷன்.

"திகதி தானா மாறும் ராத்தா. அப்படி வெச்சாத்தான் தேடுறப்போ மேல நிக்கும்," என்றான், என் கணவரின் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டே.

இப்போதெல்லாம் ஊர்ச் செய்தி எதையும் போனில் தேடுவதில்லை. பள்ளிவாசலுக்கு அழைத்துக் கேட்கிறேன். கலவரம் அடங்கிப் பல காலமாகிவிட்டது. தம்பியின் பக்கம் இன்னும் மேலேதான் நிற்கிறது, இன்றைய திகதியோடு.

- ஸரீனா, மடவளை