சேவியர் அண்ணன் சொல்ல மறுத்த வசனம்

பேச்சை இழந்த ஒரு நடிகரிடம், ‘இதோ உங்கள் குரல்’ என்று போட்டுக் காட்டினால் என்ன செய்வார்? அழுவாரா? கோபித்துக்கொள்வாரா?

சலீமுக்கு அந்தப் பயம்தான். “தனியா போக ஒரு மாதிரியா இருக்கு லா. நீங்களும் வாங்கக்கா” என்று போன ஞாயிற்றுக்கிழமை என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு, அந்த நடிகர் குடியிருக்கும் லாயாங் லாயாங்குக்குக் கிளம்பினார்.

சலீம் குளுவாங்கில் அப்பாவின் சாப்பாட்டுக் கடையைக் கவனித்துக்கொண்டே குறும்படம் எடுப்பவர். புதுப் படத்தில் அப்பா வேடம் சேவியர் அண்ணனுக்கு. மேடையிலும் டிவியிலும் பல வருடம் நடித்த ஆள். படப்பிடிப்பு முடிந்தது. டப்பிங்குக்கு முன்னால் தொண்டையில் ஆபரேஷன்... இனி பேச்சு வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஒத்திகைப் பதிவுகளை வைத்து, ஏஐ மூலம் அவர் குரலை உருவாக்கியிருந்தார் சலீம். அண்ணனுடைய சம்மதம் மட்டும்தான் பாக்கி. அவர் மறுத்தால் போட மாட்டேன் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

அண்ணன் வீட்டில் உட்கார்ந்ததும் சலீம் லேப்டாப்பைத் திறந்தார். சிங்கப்பூர் வேலைக்குப் போகும் மகளை அப்பா பஸ் ஸ்டாண்டில் வழியனுப்பும் காட்சி. கேமராவுக்கு அவர் முதுகுதான் தெரியும்.

“மகளே, நீ எங்கே போனாலும் என் இதயம் உன்கூடவே வரும்.”

அசல் சேவியர் அண்ணன்! அதே கரகரப்பு. அவர் மனைவி ஃபிலோமினா அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அண்ணன் அழவில்லை. ஹேண்ட்ஃபோனில் எதையோ தட்டி மனைவியிடம் நீட்டினார்.

“‘நான் இதைச் சொல்ல மாட்டேன்’ங்கறாரு” என்று படித்தார் அக்கா.

சலீம் முகம் விழுந்துவிட்டது. “ஏஐ வேணாமாண்ணே?”

மறுபடி தட்டல். “‘குரல் இருக்கட்டும். வசனம்தான் வேணாம். ஷூட்டிங்லயே சண்டை போட்டேன்ல? எந்த அப்பன் பஸ் ஸ்டாண்டுல நின்னு இதயத்தப் பத்திப் பேசுவான்?’”

“பின்ன என்னதான்ணே சொல்லுவாரு?”

“‘பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டியா?’”

படித்த அக்கா அண்ணனை நிமிர்ந்து பார்த்தார். “அலமாக், ஐயோ... நம்ம மக ரோஸி போனப்ப இதத்தானே கேட்டீங்க? வேற ஒண்ணும் பேசல. வீட்டுக்கு வந்து அன்னைக்கு முழுக்கச் சாப்பிடல.”

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சலீம் புது வசனத்தைப் போட்டார். இயந்திரம் அதைத் தாலாட்டு மாதிரி பாடியது. அண்ணன் கையை ஆட்டினார் — இல்லை. திரும்பவும். இல்லை. அப்பனுக்குக் கொஞ்சம் எரிச்சல் வேண்டும் என்று முகத்தாலேயே நடித்துக் காட்டினார். தேத்தண்ணி ஆறிப்போனது. கடைசியில் வெடுக்கென்று ஒன்று வந்தது. கட்டை விரலைத் தூக்கினார்.

திரும்பும் வழியில் யோசித்தேன். எழுதிக் கொடுத்ததை மறுபேச்சில்லாமல் பேசும் நடிகருக்கு ஏங்காத டைரக்டர் உண்டா? இப்போது ஏஐ வடிவில் கிடைத்துவிட்டார். இதயத்தையும் பாஸ்போர்ட்டையும் ஒரே மாதிரி பேசுகிறார். ‘ஏன்?’ என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. படத்தைக் கெடுக்க அது போதாதா?

நாங்கள் புறப்படும்போது அண்ணன் இன்னொன்றும் தட்டியிருந்தார். அக்கா வாசலில் நின்று படித்தார்:

“‘பேர் போடறப்ப குரல்: கம்ப்யூட்டர்னு போடு. சண்டை: சேவியர்னு போடு.’”

போட்டுவிட்டார் சலீம் — எழுத்து கொஞ்சம் பெரிதாகவே.