துண்டுக்குள் ஒரு கை

யுத்த காலத்தில் அரூர்ப் பக்கம் கூத்தில் அசுரன் வேஷம் கட்டும் ஒருவரைச் சந்தித்தேன். ஆள் நல்ல உயரம், சிரித்தால் குழந்தை. தலையைத் தொட்டால் சாம்பலாக்கும் வரம் பெற்ற அசுரனின் வேஷம் அவருடையது. அந்தக் கையைக் கண்டு ஊர் பயந்ததால், பகலிலும் வலது கையைத் துண்டால் மூடியே நடப்பார்.

தீர்த்தமலையில் அவர் மகள் கல்யாணம்; நானும் போயிருந்தேன். ஆசி வாங்க மகள் குனிந்தாள்.

"அந்தக் கைய வெக்காதீங்க சம்மந்தி, குடும்பத்துக்கு ஆவாது," என்றார் மாப்பிள்ளையின் அப்பா. அதே கூத்தில் சாமி வேஷம் கட்டும் குடிகாரனைக் கூப்பிட்டு ஆசி வாங்கினார்கள்.

நான் அவரைத் தனியாக அழைத்துப் போனேன். "வளத்த கைங்க அது. ஏன் சும்மா இருந்தீங்க?" என்றேன்.

"விடிஞ்சதும் நான் வேஷத்தைக் கலைச்சுடறேனுங்க. ஊருதான் கலைக்க மாட்டேங்குது."

வண்டி ஏறும்போது மகள் துண்டை விலக்கி, அந்தக் கையைத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். "பாருங்க மாமா, சாம்பலாயிட்டனா?"

மாமனார் வண்டிக்காரனை ஓட்டச் சொன்னார். வண்டி போனதும் பெண்ணின் அப்பா கையை மறுபடி துண்டுக்குள் சுருட்டிக்கொண்டார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.