முதலில் முடித்தவள்

திங்கட்கிழமை காலை அந்த வீட்டில் பள்ளிக்கூடம் தொடங்கியபோது டீச்சரின் பற்களுக்கிடையில் ஊசிகள் இருந்தன. டீச்சர் வேறு யாருமில்லை, அம்மாதான். திரைச்சீலை தைப்பவள். துணி வெட்டும் மேசைதான் வகுப்பறை, அளவு நாடாதான் கணக்குப் புத்தகம். ஒரு பல் ஆஸ்பத்திரியின் ஜன்னல் அத்தனைக்கும் புதன்கிழமைக்குள் திரை தைத்துத் தர வேண்டும். வெள்ளிக்கிழமை மகளுக்குத் தேர்வு. இரண்டையும் ஒரே வாரத்தில் ஒப்புக்கொண்ட தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டு மிஷினை மிதித்தாள்.

மகளுக்குப் பத்து வயது. ஒல்லி. கேள்வி கேட்டால் சுருக்கென்று இறங்கும். அதனால் அப்பா அவளுக்கு வைத்த பெயர் குண்டூசி. தம்பியை எங்கே உட்கார வைத்தாலும் உருண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் கிடப்பான், அவன் நூல்கண்டு. இப்படியெல்லாம் பெயர் சூட்டிய அப்பா ஜெராக்ஸ் மிஷின் பழுது பார்ப்பவர். எந்த சோப்புக்கும் மசியாத கறுப்பு அவர் விரல்களில் நிரந்தரமாகக் குடியிருந்தது.

குண்டூசி ஐந்து வயதில் சில மாதங்கள் பள்ளிக்குப் போனாள். போன கொஞ்ச நாளிலேயே கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாள். வாயாடிப் பிள்ளை வாயை மூடிக்கொண்டால் வீடு எப்படி இருக்கும்? அம்மாவால் தாங்க முடியவில்லை. அன்றிலிருந்து படிப்பு வீட்டில்தான். ஆனால் பத்து வயதானால் பக்கத்துப் பள்ளியில் போய், அங்கே படிக்கும் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு தேர்வு எழுதியாக வேண்டும். தேறினால் இன்னொரு வருடம் வீட்டிலேயே படிக்கலாம். தேறாவிட்டால் பள்ளியில் சேர்த்துவிட வேண்டியதுதான். அதை நினைக்கும்போதெல்லாம் அம்மாவின் தையல் கோணிக்கொண்டு போனது.

அந்த வீட்டுப் பள்ளிக்கு ஒரே ஒரு சட்டம். முதலில் முடித்தவர் அடுத்தவருக்குக் கைகொடுக்க வேண்டும். அதிலும் விடையைச் சொல்லக் கூடாது, கேள்வி கேட்டே வரவழைக்க வேண்டும். பெரிய கல்விக் கொள்கை என்று நினைத்துவிடாதீர்கள். அம்மா நிம்மதியாக நாலு தையல் போடுவதற்காகக் கண்டுபிடித்த தந்திரம்.

செவ்வாய்க்கிழமை ஒத்திகைத் தேர்வு நடந்தது. அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தார். தண்ணீர் வேண்டுமென்றால் கை தூக்கணும், பேப்பரின் மேலே பெயர் எழுதணும், மணி அடிக்கிற வரை எழுந்திருக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார்கள். மணி அடிக்கும் பொறுப்பு நூல்கண்டுக்கு. தட்டையும் கரண்டியையும் கையில் கொடுத்ததுதான் தாமதம், பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கும்வரை அடித்தான்.

புதன்கிழமை திரைகளைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு அம்மாவும் பிள்ளைகளும் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினார்கள். நின்றபடியே குண்டூசி வாய்ப்பாடு சொல்ல, கண்டக்டர் அதில் ஒரு தப்பைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னார். கடைசியில் தப்பு அவருடையதுதான் என்று தெரிந்து பஸ்ஸே சிரித்தது. வியாழக்கிழமை குண்டூசிக்குச் சோறு இறங்கவில்லை. பயமெல்லாம் இல்லை, ஒரே குஷி. நூல்கண்டு அக்காவுக்கு உதவுகிறேன் பேர்வழி என்று எல்லாப் பென்சிலையும் சீவிச் சீவி அடிக்கட்டையாக்கி வைத்திருந்தான்.

வெள்ளிக்கிழமை அவள் துள்ளிக்கொண்டு தேர்வு அறைக்குள் போனாள். அம்மா நூல்கண்டைப் பிடித்தபடி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். உள்ளே ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. நல்லபடியாகப் போகிறது என்று அம்மா முதுகைச் சாய்த்தாள். அப்போதுதான் கணீரென்று அந்தக் குரல் கேட்டது.

“கர்ச்சீப்பை நாலா மடி. ஒண்ணை ஒதுக்கு. மிச்சம் எவ்வளவு? ஊஹூம், நான் சொல்ல மாட்டேன், நீயே எண்ணு!”

அம்மா பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்தாள். கை தூக்கச் சொல்லிக் கொடுத்தார்கள், பெயர் எழுதச் சொல்லிக் கொடுத்தார்கள். தேர்வில் அடுத்தவருக்குச் சொல்லித் தரக் கூடாது என்று யாருமே சொல்லவில்லை! பள்ளியில் படித்தவர்களுக்கு அது சொல்லாமலே தெரிந்த சங்கதி. இவளுக்கு எப்படித் தெரியும்?

சற்று நேரத்தில் குண்டூசியும் அவள் பேப்பரும் தலைமை ஆசிரியையின் அறையில் இருந்தார்கள். பேப்பரைக் கொண்டுவந்தவர் மேற்பார்வைக்கு நின்ற ஆசிரியர். பின்னாலேயே அம்மா ஓடினாள்.

“பரீட்சையில பேசினா பேப்பரை வாங்கிடணும். அதுதான் விதி” என்றார் தலைமை ஆசிரியை.

“நான் முடிச்சிட்டேன் மேடம். பக்கத்துல அந்தப் பொண்ணு முடிக்கலை. அழுதுகிட்டே இருந்தா” என்றாள் குண்டூசி. தப்பு செய்த முகமே இல்லை.

“தப்பு என்னோடது மேடம். எங்க வீட்டுல முதல்ல முடிக்கிறவங்க அடுத்தவங்களுக்கு உதவணும். அதைத்தான் இங்கேயும் செஞ்சிருக்கா” என்றாள் அம்மா.

ஆசிரியர் தொண்டையைக் கனைத்தார். “மேடம், காப்பி அடிக்கிற பிள்ளைங்களை எனக்கு நல்லாத் தெரியும். இவ்வளவு சத்தமா யாரும் அடிச்சதில்ல. நானும் கொஞ்ச நேரம் நின்னு கேட்டேன். ஒரு விடையைக்கூட இந்தப் பொண்ணு சொல்லலை. அந்தக் குழந்தை தானேதான் போட்டுச்சு.”

தலைமை ஆசிரியை சிரிப்பை அடக்கக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “விதி விதிதான். இந்தப் பேப்பர் செல்லாது. நாளைக்குக் காலைல வேற பேப்பர் தர்றேன். இங்க, என் ரூம்ல, தனியா எழுதட்டும்.”

வீடு திரும்பும் வழியில் குண்டூசி கேட்டாள். “உதவி பண்ணக் கூடாதுன்னா எதுக்கும்மா எல்லாரையும் ஒரே ரூம்ல உட்கார வைக்கிறாங்க?”

இனிமேல் யாருக்கும் உதவாதே என்று சொல்லிவிட்டால் நாளைய தேர்வு பத்திரம். வார்த்தை அம்மாவின் நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. சொல்ல மனம் வரவில்லை. “முதல்ல கேளு. அங்க யாரு பொறுப்போ அவங்ககிட்ட, இப்ப உதவலாமான்னு கேட்டுட்டுச் செய்” என்றாள்.

சனிக்கிழமை அப்பாவும் வந்தார். மூன்று பேரும் தலைமை ஆசிரியை அறையின் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். குண்டூசி எழுதிக்கொண்டிருந்தாள். மூலையில் தலைமை ஆசிரியை ஜெராக்ஸ் மிஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். தாள் சிக்கிவிட்டது. இழுக்கிறார், வரவில்லை. தட்டுகிறார், அது முனகுகிறது. குண்டூசி தலையை நிமிர்த்திப் பார்த்தாள்.

“எழுந்திருக்காதடி, எழுந்திருக்காத” என்று அம்மா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் முணுமுணுத்தாள்.

குண்டூசி குனிந்து மறுபடி எழுதினாள். எல்லாவற்றையும் ஒருமுறை சரிபார்த்தாள். கையைத் தூக்கினாள்.

“முடிச்சிட்டேன் மேடம். முதல்ல பேப்பரை வாங்கிக்கங்க.” அதை அவர் கையில் கொடுத்த பிறகு கேட்டாள். “இப்ப நான் உதவி பண்ணலாமா?”

விரல் முழுக்க மையோடு நின்ற தலைமை ஆசிரியை, “வாம்மா தாயே, வா” என்றார்.

குண்டூசி மிஷினைத் தொடவே இல்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். “தாள் எந்தப் பக்கமா உள்ள போகுது மேடம்? சரி, எந்தப் பக்கமா வெளிய வரணும்? அப்ப நடுவுல எங்க மாட்டியிருக்கும்? நான் சொல்ல மாட்டேன், நீங்களே தேடிப் பாருங்க.”

“இடது பக்கக் கதவு, இடது பக்கக் கதவு” என்று வெளியே அப்பா துடித்தார். அம்மா அவர் வாயைப் பொத்தினாள்.

“வந்துடுச்சு!” என்று கசங்கிய தாளைத் தூக்கிப் பிடித்துக் கத்தினார் தலைமை ஆசிரியை.

பிறகு உட்கார்ந்து சிவப்புப் பேனாவால் பேப்பரைத் திருத்தினார். வெளியே மூன்று பேருக்கும் மூச்சு ஓடவில்லை. ஒருவழியாகக் கதவைத் திறந்து, “இன்னொரு வருஷம் உங்க வீட்டுலயே படிக்கட்டும்மா” என்றார். அம்மாவுக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்தது. அப்பா நூல்கண்டைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டார்.

குண்டூசி மட்டும் நகரவில்லை. “மேடம், நேத்து அழுதாளே, அந்தப் பொண்ணு?”

“அவளா? உன்னைக் கூட்டிட்டு வந்த பிறகு, மிச்சக் கணக்கையும் கர்ச்சீப்பை மடிச்சு மடிச்சே போட்டுட்டாளாம். பாஸ்.”

தான் தேறியதற்கு நின்ற இடத்திலேயே சிரித்தவள், இதைக் கேட்டதும் வராந்தா நெடுகக் குதித்துக்கொண்டு ஓடினாள்.