அந்தப் பாரத்தில் என் மகளுக்கு வேலை இருந்தது

அன்று எங்கள் லைன் வீட்டு வாசலில் நின்றவர்கள் ஐந்து பேர். நான், என் வீட்டுக்காரர் சவரிமுத்து, மகள் ஜெசிந்தா, சேலத்திலிருந்து பாரத்தோடு வேலைக் கணக்கெடுக்க வந்த பெண், அவளுக்கு வழிகாட்ட வந்த, எஸ்டேட்டில் ஆள்கணக்கு எழுதும் ரைட்டர் இன்னாசி. யார் எங்கே நின்றார்கள் என்பதுகூட எனக்கு மறக்கவில்லை.

காப்பிப் பழம் பறிக்கும் பருவம். கையெல்லாம் பழத்தின் பிசுக்கு... கழுவக்கூட விடாமல் கூப்பிட்டார்கள்.

மலையில் எங்கள் வாழவந்திப் பக்கம் சில வீடுகளை மட்டும் சீட்டுக் குலுக்கியதுபோல் எடுத்திருந்தார்கள். அதில் எங்கள் வீடும் ஒன்று.

"எங்க ஊட்டக் கேட்டு என்னங்க ஆவப் போவுது?" என்றார் என் வீட்டுக்காரர்.

"எல்லா வீட்டுக்கும் போக முடியாதுங்க ஐயா. நீங்க சொல்றதுதான் சுத்தி இருக்கிற அத்தனை வீட்டுக்கும் சேர்த்து. மலையில எத்தனை பேருக்கு வேலை, கீழே எத்தனை பேருக்குன்னு ஒப்பிட்டுப் பார்ப்பாங்க. எங்க கம்மியோ அங்க தொழிற்பயிற்சி நிலையம் வரும்" என்றாள் கணக்கெடுக்க வந்தவள்.

ஜெசிந்தா நிமிர்ந்து பார்த்தாள். பன்னிரண்டாவது முடித்து இரண்டு வருடமாக வேலை தேடிக்கொண்டிருந்தவள். கீழே அனுப்பிப் படிக்க வைக்க எங்களால் முடியவில்லை...

அந்தப் பெண் அவளிடம் கேட்டாள். "போன ஏழு நாள்ல ஒரு மணி நேரமாவது வேலை செஞ்சீங்களா?"

"அம்மாவுக்குத் துணையா ரெண்டு நாள் பழம் பறிச்சேனுங்க. ஆனா நொம்ப நாளா வேற வேலைக்கு..."

இன்னாசி தொண்டையைச் செருமினார். "ஏனுங்க சவரி, வேலையில்லாத ஆளுங்களுக்கு லைன் ஊடு எதுக்குங்க?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

எங்கள் எஸ்டேட்டில் அது வழக்கம். வேலைக்கு வரும் குடும்பத்துக்குத்தான் வீடு. வளர்ந்த பிள்ளை சும்மா இருப்பது தெரிந்தால் சட்டி பானையோடு ரோட்டுக்கு வர வேண்டியதுதான்.

"எம் மகளுக்கு வருசம் பூரா வேலை இருக்குதுங்க. எழுதிக்குங்க" என்றார் அவள் அப்பா.

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். "சரிதானாம்மா?"

ஜெசிந்தா என் முகத்தையே பார்த்தாள். நான், "ஆமாம் சாமி" என்றேன்.

கேட்ட வீடெல்லாம் இன்னாசி கூடவே நடந்தார். எல்லா வீட்டிலும் இதே பதில். மலையில் வேலையில்லாதவரே இல்லை என்று ஆகிப்போனது. நிலையத்தைக் கீழே கட்டினார்கள்.

ஜெசிந்தா திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராய் எல்லாப் பிள்ளைகளும். போன கிறிஸ்துமஸுக்கும் அவள் வரவில்லை. போனில் கேட்டால், "எனக்குத்தான் வருசம் பூரா வேலை இருக்குதேம்மா" என்கிறாள்.

இப்போது லைனில் மூன்று வீட்டில்தான் ஆள் இருக்கிறது. மூன்றிலும் கிழடுகள். காலி செய்யச் சொல்லிக்கூட யாரும் வருவதில்லை...

போன மாதம் இன்னொரு பெண் டேப்லெட்டோடு வந்தாள். "வேலை இருக்கா பாட்டி?"

"இல்ல கண்ணு. இங்க யாருக்குமே இல்ல."

"தேடறீங்களா?"

"இந்த வயசுல எங்க போய்த் தேடறது?"

"அப்ப நீங்க வேலையில்லாதவங்க கணக்குல வர மாட்டீங்க பாட்டி. தேடறவங்களை மட்டுந்தான் அதுல சேர்ப்போம்."

அன்று பொய் சொன்னோம், எழுதிக்கொண்டார்கள். இன்று உண்மையைச் சொன்னால் அதை எழுத இடமில்லை.

சேலத்துப் பெண் மேல் எனக்குக் கோபமில்லை. சொன்னதை எழுதினாள். என் வீட்டுக்காரர் பயந்த மனுசர், போய்ச் சேர்ந்தும்விட்டார். நான் சொன்ன 'ஆமாம்' பற்றி ஜெசிந்தாதான் சொல்ல வேண்டும்.

ஆனால் கீழே கட்டிய அந்த நிலையத்தில் முதல் வருடமே தன் மகளைச் சேர்த்துவிட்டவர் ஒருவர் இருக்கிறார். மகளுக்கு இன்று சேலத்தில் ஆபீஸ் உத்தியோகம். அவர் பக்கவாதம் வந்து படுக்கையில் கிடக்கிறார். ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகும்படி ஆள் அனுப்பினார்கள். போகவில்லை. போகவும் மாட்டேன்.

ரைட்டர் இன்னாசி.