விற்காத பிஸ்கட்டும் விற்காத கீரையும்

இரண்டு மாதம் முன்பு டாக்டரிடம் போனேன். பாதத்தில் எரிச்சல், ஓயாத தாகம். ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, அந்த மாதுங்கா டாக்டர் கேட்டார்.

"காலம்பற என்ன சாப்பிட்டேள்?"

"பிஸ்கட்."

"மத்தியானம்?"

"பாக்கெட் நூடுல்ஸ்... அப்புறம் பிஸ்கட்."

"ராத்திரி?"

நான் சுவர்க் காலண்டரைப் பார்த்தேன். அவரும் வற்புறுத்தவில்லை.

மும்பை தாராவியில் எனக்கு ஒரு மளிகைக் கடை. வரும் சரக்கில் தினம் நாலு பாக்கெட்டாவது உடைந்திருக்கும். உடைந்ததை விற்க முடியாது. வீசவும் மனசு வராது. பிறகு யார் தின்பது? பதினான்கு வருடமாக நான்தான். வீட்டிலிருந்து வரும் சோறு பாதி அப்படியே திரும்பிப் போகும்.

"சர்க்கரை ஏறிடுத்து. பாக்கெட்டை நிறுத்துங்கோ. தினம் வேற வேற காய், கீரை, பயறு. ரெண்டு மாசம் பார்ப்பேன். குறையலேன்னா இன்சுலின் ஊசிதான்."

ஊசி என்றால் எனக்குப் பயம். எவ்வளவு பயம் என்று எழுதினால், உங்களிடம் இருக்கிற கொஞ்சம் மரியாதையும் போய்விடும்.

என் கடைக்கு நேர் எதிரே சாக்கு விரித்து, செல்லக்கனி அக்கா காய் விற்கிறார். அவரிடம் உருளைக்கிழங்கு, வெங்காயம் தவிர வேறெதுவும் வாங்கியதில்லை. பெண்கள் கூட்டத்தில் நின்று கீரை பொறுக்கக் கூச்சம். மூன்று நாள் யோசித்தேன். நாலாம் நாள் சாயங்காலம், அவர் சாக்கைச் சுருட்டும் நேரம், போய் நின்றேன்.

"என்ன அண்ணாச்சி, அதிசயமா இருக்கு?"

"காய் வேணும்."

"என்ன காய்?"

"வேற வேற காய்."

சிரித்துவிட்டார். "விக்காத மிச்சந்தான் கெடக்கு. அதத்தான் நான் வீட்டுக்குக் கொண்டு போறது. ஒரு பிடி மேத்திக்கீரை, அதான் நம்ம வெந்தயக்கீரை, ரெண்டு முருங்கக்கா, நாலு கொத்தவரங்கா, ஒரு துண்டு பூசணி... எல்லாத்தையும் ஒரே சட்டியில போட்டு, பயறையும் போட்டு எறக்கிருவேன். அறுவது தாண்டிட்டு. இந்த மூட்டைய இன்னும் நாந்தான தூக்குதேன்?"

அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருடமாக நாங்கள் இரண்டு பேரும் செய்தது ஒன்றுதான் — விற்காததைத் தின்றது. அவர் மூட்டை தூக்குகிறார். நான் டாக்டரிடம் போகிறேன்.

மறுநாள் முதல் மிச்சத்தில் பாதி என் வீட்டுக்கு. "இன்னைக்கு என்ன கொழம்புன்னு யாரும் கேக்கப்படாது. எனக்கே தெரியாது" என்று மனைவி அறிவித்துவிட்டாள். பேர் இல்லாத குழம்பை இரண்டு மாதம் சாப்பிட்டேன்.

முந்தாநாள் மறுபடி ரத்தம் பார்த்தார்கள். சர்க்கரை இறங்கியிருக்கிறது. ஊசி இல்லை.

நேற்று, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் கடைக்கு வந்தாள்.

"அண்ணாச்சி, இந்த நூடுல்ஸ் பிள்ளைக்கு நல்லதா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. எதிர்ச் சாக்கைக் கை காட்டினேன். அவள் பாக்கெட்டை வைத்துவிட்டு அங்கே போய்விட்டாள்.

சோறு கொண்டுவந்திருந்த மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்ப நாம எதுக்குக் கட தொறந்து வச்சிருக்கோம்?"

நியாயமான கேள்வி. யோசித்துக்கொண்டிருக்கிறேன்... கடையைத் திறந்து வைத்துக்கொண்டுதான்.