நாற்பது ஐஸ் கட்டிகளும் லூசியாவும்

அரிப்பு என்ற மீன்பிடிக் கிராமத்தில் ஐஸ் ஆலை நடத்துகிற லூசியா ஒரு காலத்தில் கனடாவில் ஃபிகர் ஸ்கேட்டிங் போட்டிக்காரி. ஊரில் முதலில் ஒருவரும் நம்பவில்லை. ஐஸில் கால் வைத்தால் வழுக்கி விழுவதுதானே மனித சுபாவம், அதில் ஆடுவதாவது!

ஆனால் உண்மை. ஆறு வயதில் டொரன்டோவில் சறுக்கத் தொடங்கியவள். பள்ளிக்கு முன் இரண்டு மணி நேரம், பள்ளி விட்டபின் இரண்டு மணி நேரம். பதினான்கில் மாகாணப் பதக்கம். பத்தொன்பதில் பெரிய போட்டி. ஆட்டத்தில் கடைசிச் சுழற்சி மட்டும் மிச்சமிருந்தபோது வலது முழங்கால் மடங்கியது. தூக்கிக்கொண்டு போனார்கள். கால் சுகமானது, பயம் சுகமாகவில்லை. எட்டு வருடம் அவள் ஐஸில் ஏறவேயில்லை. மாமாவின் ஆலையைப் பார்க்க ஆளில்லை என்றதும் ஊருக்கே வந்துவிட்டாள்.

போன ஞாயிறு அவளுடைய ஸ்கேட்டிங் சப்பாத்து ஆலை வேலையாள் சிங்கராசாவின் கண்ணில் பட்டுவிட்டது. பிறகு விடுவாரா?

"ஞாயிறு, படகும் போகாது, ஐஸ் சும்மா கிடக்குது. ஒருக்கா ஆடிக் காட்டுங்கோ பிள்ளை!"

லூசியா யோசித்தாள். அந்தக் கடைசிச் சுழற்சி தன்னால் இனி முடியுமா, முடியாதா? தெரிந்துகொள்ளாமல் இன்னும் எத்தனை வருடம் ஓட்டுவது?

"குளிர் அறையில நாற்பது கட்டியை நெருக்கி அடுக்குங்கோ அண்ணை" என்றாள்.

வேலையாட்கள் அடுக்கினார்கள். அடுக்கிய கையோடு, பழக்கதோஷத்தில், மேலே ஒரு சாக்கு மரத்தூளையும் கொட்டி மூடினார்கள்! கரையாமல் இருக்கட்டுமாம். லூசியா வாய்விட்டுச் சிரித்தாள். கூட்டிக் கழுவித் தண்ணீர் ஊற்றிவிட, இடுக்கெல்லாம் உறைந்து தரை ஒரே பாளமானது. அதற்குள் வாசலில் பாதி ஊர் கூடிவிட்டது.

ஏறினாள். ஒரு தள்ளு, ஒரு திருப்பம், விழுந்தாள்! அதே முழங்கால்.

"ஐயோ மாதாவே!" என்றார் சிங்கராசா.

லூசியா முழங்காலைத் தடவிப் பார்த்தாள். வலித்தது, அவ்வளவுதான். இதற்கா இத்தனை வருடம் பயந்தேன் என்று அவளுக்குக் கோபமே வந்தது. எழுந்தாள். கையை விரித்தாள், உடம்பை ஒடுக்கிச் சுழன்றாள். ஆறு, ஏழு, எட்டு என்று சனம் கத்திக் கத்தி எண்ணியது. பன்னிரண்டில் நின்று இரு கையையும் உயர்த்தினாள். சந்தோசத்தில் கண் நிறைந்து ஒருவர் முகமும் தெரியவில்லை.

எப்போது கைதட்டுவதென்று தெரியாமல் சிங்கராசா மெல்லக் கேட்டார்: "முடிஞ்சுதோ பிள்ளை?"

"ஓம் அண்ணை. எட்டு வருசத்துக்குப் பிறகு, இண்டைக்குத்தான் முடிஞ்சது."