சேலை மடிப்பில் வேப்பந்தழை

அம்மா இறந்தபோது ஆஸ்திரேலியாவிலிருந்து தங்கையால் வர முடியவில்லை. அம்மா கடைசியாக உடுத்திய சேலையைத் துவைக்காமல் அனுப்பச் சொன்னாள். மல்லசமுத்திரத்தில் பார்சல் கட்டும்போது, பூச்சி அரிக்கக் கூடாதென்று அப்பா மடிப்புக்குள் வேப்பந்தழை வைத்தார். எங்கள் வீட்டில் எல்லாத் துணிக்கும் அதுதான் காவல்.

அந்தத் தழையே வம்பானது. அதில் பூச்சி வந்திருக்கலாம், மருந்துப் புகை போட வேண்டும், இல்லையென்றால் எரித்துவிடுவோம் என்று ஆஸ்திரேலியச் சுங்கத்தில் பார்சலை நிறுத்திவிட்டார்கள். அவர்கள் பயிரைக் காக்கும் சட்டம்தான்; தங்கை புகை போடவே பணம் கட்டினாள். அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை.

புகை போட்ட சேலை கிடைத்ததும் தங்கை என்னைக் கூப்பிட்டு அழுதாள். "மருந்து நாத்தந்தானுங்கண்ணா அடிக்குது. அம்மா வாசமே இல்லீங்க."

அப்பா போனை வாங்கினார். "பூச்சி கீச்சி அரிக்கலையே சாமி?"

"இல்லீங்கப்பா. வேப்பந்தழ வெச்சது நல்லதாப் போச்சுங்க."